பிக்கப் வண்டியில் இரண்டாவது டீசல் தொட்டி: பொருத்தும் முன் யோசியுங்கள்

ஜெம்போல் மாவட்டத்தில் ஜெரம் பாடாங், ரொம்பின் பக்கம் போயிருக்கிறீர்களா? செம்பனைத் தோட்டங்களுக்கு உள்ளே செம்மண் பாதை நீண்டுகொண்டே போகும். டீசல் தீர்ந்துவிட்டால் எண்ணெய் நிலையத்துக்குத் திரும்பி வருவதற்கே அரை நாள் வேலை கெட்டுவிடும். அதனால்தான் தோட்டக் குத்தகையாளர்கள் பலருக்கும் பிக்கப் வண்டியில் இன்னொரு டீசல் தொட்டி வைக்கும் எண்ணம் வருகிறது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 காசிலிருந்து 3 ரிங்கிட் 35 காசுக்கு ஏறியது. விலை இறங்கும் வாரத்தில் நிறைய வாங்கி வைக்கலாம் என்ற ஆசையும் அதன் பிறகு சேர்ந்துகொண்டது. ஆசை நியாயமானதுதான். ஆனால் தொட்டி என்பது வெறும் இரும்புப் பெட்டி அல்ல. அதற்குள் படிவம் ஒன்று முதல் படிவம் ஐந்து வரை நாம் படிக்கும் அறிவியல் பாதி அடங்கியிருக்கிறது.

இரண்டு வகைத் தொட்டிகள்

முதல் வகை, வண்டியின் சொந்த இயந்திரத்துக்கே டீசல் கொடுக்கும் துணைத்தொட்டி. இரண்டாவது வகை, டிராக்டருக்கும் மின்னாக்கிக்கும் டீசல் ஏற்றிச் செல்லும் தொட்டி. பின்னதில் சிறு பம்பும் குழாயும் இருக்கும். வண்டியின் எரிபொருள் குழாயோடு அதற்குத் தொடர்பு கிடையாது.

துணைத்தொட்டியை வண்டியின் பின்தளத்தில் வைத்தால், அது அடியில் உள்ள மூலத்தொட்டியைவிட உயரத்தில் இருக்கும். திரவம் தன் மட்டத்தைத் தேடி ஓடும். இடையில் மூடுவால்வு இல்லையென்றால் மேலே உள்ள டீசல் முழுவதும் கீழே இறங்கி, மூலத்தொட்டி நிரம்பி வழியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. டீசல் இயந்திரம் தனக்கு வரும் எரிபொருள் முழுவதையும் எரிப்பதில்லை. மிஞ்சியது திரும்புகுழாய் வழியாகத் தொட்டிக்கே வரும். துணைத்தொட்டியிலிருந்து நேராக இயந்திரத்துக்கு எடுத்து, மிச்சத்தை மூலத்தொட்டிக்கு விட்டால் அங்கும் வழியும். ஆகவே துணைத்தொட்டி மூலத்தொட்டியை மட்டும், அதுவும் வால்வின் கட்டுப்பாட்டில், நிரப்பும் அமைப்பே எளியது.

கெட்டிப்பால் டின் சொல்லும் பாடம்

கெட்டிப்பால் டின்னில் ஒரே துளை போட்டால் பால் சரியாக வராது. எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டால்தான் ஒழுங்காக ஊற்றும். காற்று உள்ளே புகுந்தால்தான் பால் வெளியேற முடியும். டீசல் தொட்டிக்கும் இதே விதிதான். காற்றுத்துளை அடைபட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து, டீசல் வருவது நின்றுவிடும்.

வெயிலையும் கணக்கில் சேருங்கள். 100 லிட்டர் டீசல் 30 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடானால் ஏறக்குறைய 2.5 லிட்டர் விரியும். கழுத்து வரை நிரப்பிவிட்டு வண்டியை வெயிலில் நிறுத்தினால் அந்த டீசல் வழியத்தான் செய்யும். மேலே சற்று இடம் விடுங்கள்.

எடையும் அலையும்

ஒரு லிட்டர் டீசல் ஏறத்தாழ 0.84 கிலோ. 200 லிட்டர் என்றால் 168 கிலோ. தொட்டியின் எடை தனி. இரண்டு பெரிய ஆட்கள் பின்னால் நிற்பதற்குச் சமம். ஆட்களாவது கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், டீசல் நிற்காது. தட்டில் தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள், முழுவதும் ஒரு பக்கம் பாயும். ஐஸ்கட்டி அச்சில் ஊற்றிச் சாய்த்தால் அவ்வளவாகப் பாயாது. நல்ல தொட்டிக்குள் துளையிட்ட தடுப்புத் தகடுகள் வைப்பது இதற்காகத்தான். தடுப்பில்லாத தொட்டி பாதி நிரம்பியிருக்கும்போது, மேட்டுப் பாதை வளைவில் அந்த அலை வண்டி கவிழும் ஆபத்தைக் கூட்டும்.

எதில் செய்வது?

நாக முலாம் பூசிய தகடு மலிவு. ஆனால் டீசலில் உள்ள அமிலங்களோடு துத்தநாகம் வினைபுரிந்து சோப்பு போன்ற படிவு உண்டாகி வடிகட்டியை அடைக்கும். செம்பும் டீசலைக் கெடுக்கும். முலாம் பூசாத எஃகு அல்லது அலுமினியம் ஏற்றது.

குழாயிலும் கவனம் தேவை. நாம் பால்மரம் வெட்டி எடுத்த இயற்கை ரப்பர், டீசலில் ஊறி உப்பிவிடும். எரிபொருளுக்கென்றே செய்யப்பட்ட செயற்கை ரப்பர் குழாயைத்தான் வாங்க வேண்டும்.

தண்ணீர்தான் பெரிய எதிரி. பாதி காலியான தொட்டியில் இரவுக் குளிரில் ஈரக்காற்று நீராகி அடியில் தங்கும். நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலக்கப்படுகிறது. அது சாதாரண டீசலைவிட அதிக ஈரத்தை இழுக்கும். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சை வளர்ந்து கறுப்புச் சேறாகும். இன்றைய டீசல் இயந்திரங்களில் எரிபொருள் 1,600 பாருக்கும் மேலான அழுத்தத்தில் பீய்ச்சப்படுகிறது. கார் டயரின் அழுத்தத்தைப்போல் எழுநூறு மடங்குக்கும் மேல். அந்த நுண்துளைகளுக்குள் நீரும் சேறும் போனால் செலவு ஆயிரக்கணக்கில் வரும். ஆகவே தொட்டியின் ஆகத் தாழ்ந்த இடத்தில் வடிகால் திருகு வைத்து, அடிக்கடி நீரை வடித்துவிடுங்கள். இயந்திரத்துக்கு முன்னால் நீர் பிரிக்கும் வடிகட்டி இருக்கட்டும்.

தீயும் சட்டமும்

டீசல் பெட்ரோலைப்போல் சட்டென்று பற்றாது. ஆனால் சூடான புகைக்குழாயின்மேல் கசிந்தால் பற்றும். தொட்டியையும் குழாயையும் அதிலிருந்து தள்ளி வையுங்கள். தொட்டியைக் கயிற்றால் கட்டாமல் சட்டகத்தோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். டீசல் தொட்டியில் ஒருபோதும் பெட்ரோல் ஊற்றாதீர்கள்.

வண்டியில் மாற்றம் செய்ய 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் ஜே.பி.ஜே. ஒப்புதல் வேண்டும். டீசல், 1961ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் வரும் பொருள். அனுமதியின்றிச் சேமித்தாலும் விற்றாலும் பெரிய அபராதமும் சிறையும் உண்டு. ஒளித்து வைத்த தொட்டிகளில் டீசல் கடத்துபவர்கள் அடிக்கடி பிடிபடுவதால், தொட்டி கூடுதலாக உள்ள வண்டியை அதிகாரிகள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். பட்டறைக்குப் போகும் முன்பே ஜே.பி.ஜே.யிலும் உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தொட்டி டீசலைச் சேமித்துத் தராது, தூரத்தை மட்டுமே நீட்டும். கூடுதல் எடையைச் சுமக்க இன்னும் கொஞ்சம் டீசல் செலவாகும். எண்ணெய் நிலையம் பத்து நிமிட ஓட்டத்தில் இருந்தால் உங்களுக்கு இரண்டாவது தொட்டி தேவையில்லை. வடிகட்டியை நேரத்தோடு மாற்றி, டயரின் காற்றைச் சரியாக வைத்தாலே போதும்.