உச்சியை விட்டு நகராத சூரியன்

அமெரிக்க எழுத்தாளர் லாரி நிவெனின் ‘ரிங்வேர்ல்டு’ (1970) நாவலில் வரும் செயற்கை உலகம் கோளமன்று. சூரியனை ஒத்த விண்மீன் ஒன்றைச் சுற்றி, ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் ஆரத்தில், சுமார் 16 லட்சம் கிலோமீட்டர் அகலத்தில் அமைந்த வளையமாகும். அது நொடிக்கு ஏறத்தாழ 1,240 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்வதால், உட்புறத்தில் வாழ்வோரைத் தரையோடு அழுத்தும் மையவிலக்கு விளைவு, அதாவது சுழலும் அமைப்பிலுள்ள பொருளை வெளிநோக்கித் தள்ளுவதாகத் தோன்றும் விசை, புவியீர்ப்புக்கு நிகராகிறது.

விண்மீன் எப்போதும் தலைக்கு நேர்மேலே நிற்பதால் இங்கு உதயமும் இல்லை, அந்திச் செம்மையும் இல்லை, பருவங்களும் இல்லை. ‘நிழல் சதுரங்கள்’ எனப்படும் பெருந்தகடுகள் உள்வட்டத்தில் சுற்றிவந்து ஒளியை மறைக்கும்போது, கதிரவனின் ஒரு விளிம்பு கிரகணத்தில் போலத் தேயத் தொடங்கி, உச்சிப்பொழுதிலேயே இருள் கவிகிறது. அப்போது வளையத்தின் தொலைவான பகுதிகள், பகலின் நீலமும் இரவின் கருமையும் மாறிமாறிப் படர்ந்த மாபெரும் வில்லாக எழுந்து தெரிகின்றன. அதன் குடிகள் பலர் அதனை வானில் கட்டப்பட்ட வளைவென்றே நம்புகின்றனர், அவர்களின் கண்ணுக்கு அது நியாயமான முடிவே.

இத்தகைய திட வளையம் நிலையற்றது. மையத்திலிருந்து சற்றே விலகினாலும் விண்மீனின் ஈர்ப்பு அவ்விலகலைப் பெருக்கிவிடும். சனிக்கோளின் வளையம் சீரான திடப்பொருளாக இருக்க இயலாது என இயற்பியலாளர் மாக்ஸ்வெல் 1850களில் நிறுவியதும் இக்காரணத்தாலேயே. வாசகர்கள் இதைச் சுட்டிக்காட்டிய பின்னர், நிவென் இதன் தொடர்ச்சி நாவலில் வளையத்தின் விளிம்புச் சுவர்களில் நிலைதிருத்தும் உந்துபொறிகளைப் பொருத்தினார்.