மலைக்கு இரு பக்கமும் ஒரே கேலி

ஒரு மக்கள் கூட்டத்தை ஓரிரண்டு அடையாளங்களுக்குள் சுருக்கி, அவற்றையே அவர்களுடைய முழு இயல்பாகத் திரும்பத் திரும்பக் காட்டுவதை ஊடக ஆய்வில் வார்ப்புரு என்பர். தமிழ் நகைச்சுவைக் காட்சிகளில் வரும் டீக்கடை நாயரும் வட்டிக்கடைச் சேட்டும் திக்கிப் பேசும் வேலைக்காரரும் இவ்வகையினர். மலையாள நகைச்சுவையில் கறுத்த மேனியும் முறுக்கு மீசையும் உரத்த குரலுமாக வந்து, 'பாண்டி' என்று ஏளனமாக அழைக்கப்படும் தமிழரும் இவ்வகையினரே. தமிழகத்தின் பெரும்பாலான ஊர்களில் இவற்றுள் ஒரு பக்கக் கேலி மட்டுமே கண்ணில் படும். தேனி மாவட்டத்தில் நிலைமை வேறு. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைப்பாதைகள் இம்மாவட்டத்தைக் கேரளத்தின் இடுக்கியோடு இணைப்பதால், கேலி செய்யும் மொழியினரும் கேலிக்கு ஆளாகும் மொழியினரும் இங்கே சந்தையிலும் தோட்டத்திலும் பேருந்திலும் நாள்தோறும் முகம் பார்த்துப் பழக வேண்டியிருக்கிறது.

கம்பம், கூடலூர், போடி வட்டாரங்களிலிருந்து விடியற்காலையிலேயே ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுகின்றன. மேலே பறிக்கப்படும் ஏலக்காய் போடிநாயக்கனூருக்கும் இடுக்கியின் புற்றடிக்கும் ஏலத்திற்கு வருகிறது. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணைச் சிக்கல் முற்றியபோது குமுளிச் சாலை அடைபட்டது. மலைக்கு இரு புறமும் கடைகளும் வண்டிகளும் தாக்கப்பட்டன. தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர் பலர் அஞ்சி ஊர் திரும்பினர். அந்த மோதலுக்குக் காரணம் அணையும் அரசியலுமே அன்றித் தொலைக்காட்சி அன்று. ஆயினும் ஒருவரை ஒருவர் இழித்துரைக்க அன்று இரு பக்கமும் எடுத்தாண்ட வசவுகள் பல, சிரிப்புக் காட்சிகளில் ஏற்கெனவே கேட்டுப் பழகியவையாக இருந்தன என்பதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

சிரிப்புக்கும் வெறுப்புக்கும் உள்ள இத்தொடர்பை உளவியலாளர் தாமஸ் ஃபோர்டு, மார்க் ஃபெர்குசன் ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விளக்கினர். இழிவுபடுத்தும் நகைச்சுவை, வெறுப்பே இல்லாதவரிடம் புதிதாக வெறுப்பை விதைப்பதில்லை. ஏற்கெனவே அதை உள்ளே வைத்திருப்பவருக்கு, 'இதைச் சொல்வது இங்கே தவறில்லை' என்னும் துணிச்சலைத் தருகிறது என்பதே அவர்கள் கருத்து. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 'ஆல் இன் தி ஃபேமிலி' என்ற அமெரிக்கத் தொடரை ஆராய்ந்த நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் ஆகியோர் கவலைக்குரிய ஒன்றைக் கண்டனர். நிறவெறி கொண்ட ஆர்ச்சி பங்கர் என்னும் பாத்திரத்தைப் பார்த்து மக்கள் நகைக்க வேண்டும் என்றே அத்தொடர் எழுதப்பட்டது. ஆனால் அவனைப் போலவே எண்ணும் பார்வையாளர்கள் அவன் பேச்சையே நியாயமாக எடுத்துக்கொண்டனர். எழுதியவரின் நல்லெண்ணம் பார்ப்பவரிடம் அப்படியே போய்ச் சேரும் என்பதற்கு உறுதியில்லை.

தமிழ் நகைச்சுவையில் தேனி மண்ணுக்கும் பங்கு உண்டு. அல்லிநகரத்துப் பாரதிராஜாவின் '16 வயதினிலே' (1977) கவுண்டமணியைத் திரையில் அடையாளம் காட்டியது. பண்ணைப்புரத்துக் கங்கை அமரன் இயக்கிய 'கரகாட்டக்காரன்' (1989) கவுண்டமணி–செந்தில் இணையை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. அப்படத்தின் வாழைப்பழக் காட்சியில் சிரிப்பு பிறப்பது செந்திலின் உடலிலிருந்தன்று. கேள்விக்கு அவர் விடாப்பிடியாகச் சொல்லும் ஒரே பதிலிலிருந்தும், அதைக் கேட்டு எதிரே நிற்பவர் படும் பாட்டிலிருந்தும் பிறக்கிறது. அங்கே தோற்றுப்போகிறவரும் அதிகாரம் செய்யும் கவுண்டமணியே. இதே இணை நடித்த வேறு பல காட்சிகளிலோ செந்திலின் தலையும் நிறமும் உருவமுமே வசவுக்குப் பொருளாகின்றன. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க இயலாது. முழுப் படத்தில் சிறு பகுதியாக இருந்த இத்தகைய வசவுகள், நாள் முழுதும் நகைச்சுவையே ஒளிபரப்பும் ஆதித்யா, சிரிப்பொலி போன்ற அலைவரிசைகளில் முன்பின் கதையின்றித் துண்டுகளாக ஓடும்போது, பள்ளிப் பிள்ளைகளின் பட்டப்பெயர்களாக வகுப்பறைக்குள் நுழைந்துவிடுகின்றன.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. கேபிள் தொலைக்காட்சி விதிகள், 1994இன் ஆறாம் விதியில் உள்ள நிகழ்ச்சி நெறிமுறை, இன, மொழி, வட்டாரக் குழுவினரை இழித்தும் எள்ளியும் மேட்டிமையோடும் சித்திரிக்கும் காட்சிகளை வெளிப்படையாகவே விலக்குகிறது. எனினும் நெறிமுறை யாருக்காக விரைகிறது என்பதே உரசிப் பார்க்க வேண்டிய இடம். 2022 ஜனவரியில் ஜீ தமிழின் குழந்தைகள் நிகழ்ச்சி ஒன்றில், 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' பாணியில் இரு சிறுவர்கள் பணமதிப்பிழப்பையும் அரசரின் வெளிநாட்டுப் பயணங்களையும் கேலி செய்து நடித்தனர். பிரதமரை அது இழிவுபடுத்துவதாகப் பா.ஜ.க. தரப்பில் புகார் எழுந்ததும், ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் சில நாட்களுக்குள்ளேயே அலைவரிசைக்கு விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்பியது. ஆட்சியிலிருப்போர் மீதான பகடியைப் பொறுத்துக்கொள்வதே சகிப்புத்தன்மையின் முதல் தேர்வு. மன்னரிடமே நகையாடிய விகடகவி தெனாலிராமன் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கும் சமூகத்துக்கு இது புதிய பாடமன்று. தன்மீது ஏவப்பட்ட ஏளனத்துக்கு மறுமொழி சொல்ல மேடையோ நேரமோ இல்லாத தோட்டத் தொழிலாளிக்காக அந்த விதி இவ்வளவு விரைந்து அசைந்தால் அதுவே நீதி.

இழிவுபடுத்தும் நகைச்சுவைக்கும் அப்படியல்லாததற்கும் உள்ள வேறுபாட்டை உச்ச நீதிமன்றமே வகுத்துக் காட்டியுள்ளது. 'ஆங்க் மிச்சோலி' என்ற இந்திப் படம் தொடர்பாக நிபுண் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில், 2024 ஜூலை 8 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, மாற்றுத்திறனை மையமாகக் கொண்டு அதைப் பற்றிய புரிதலை வளர்க்கும் நகைச்சுவை வேறு, மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தி முடக்கும் நகைச்சுவை வேறு என்று பிரித்துரைத்தது. அவர்களைச் சித்திரிக்கும்போது அவர்களையும் கலந்தாலோசிக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது. மொழியினருக்கும் தொழிலினருக்கும் இந்த அளவுகோல் அப்படியே பொருந்தும்.

அவர்கள் பேச்சுக்கே காது கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சான்று உண்டு. 2015 செப்டம்பரில் மூணாற்றில் தமிழ்த் தேயிலைத் தொழிலாளப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கிவிட்டு, 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தபோது, கேரளத்தின் செய்தி அலைவரிசைகள் நாட்கணக்கில் அவர்களைக் காட்டின. கூர்மையும் எகத்தாளமும் கலந்த அவர்கள் பேச்சில் தலைவர்கள் முதல் முதலாளிகள் வரை எவரும் தப்பவில்லை. நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்கு எழுதுவோர் தேடிப் போக வேண்டிய பேச்சு அதுவே. கம்பத்திலிருந்து மலையேறும் ஜீப்புகளிலும், பேருந்து நிலையத்து டீக்கடையில் டீ ஆற்றிக்கொண்டே தமிழ் வாடிக்கையாளரோடு வம்பளக்கும் மலையாளியின் வாயிலும் அத்தகைய பேச்சுக்குப் பஞ்சமில்லை.