பிக்கோ விநாடிக் கணக்கு

மூன்று கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் சிப்பில் கிளாக்கின் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே இருப்பது ஏறக்குறைய 333 பிக்கோ விநாடி. அந்த நேரத்தில் ஒளியே பத்து சென்டிமீட்டர்தான் போகும். அதற்குள், ஒரு மதிப்பைப் பிடித்து வைக்கும் ஃபிளிப்-ஃபிளாப்பிலிருந்து கிளம்பும் சிக்னல், வழியிலுள்ள கேட்டுகளையும் கம்பிகளையும் கடந்து அடுத்த ஃபிளிப்-ஃபிளாப்பைச் சேர்ந்துவிட வேண்டும். இப்படிப்பட்ட பாதைகள் பெரிய சிப்பில் எண்ணில் அடங்காதவை. சிப்பை உற்பத்திக்கு அனுப்பும் முன்பே அத்தனையும் சரியாக வருமா என்று மென்பொருள் சொல்லியாக வேண்டும்.

துல்லியமாகச் சொல்ல ஒரு வழி உண்டு. 1970களின் தொடக்கத்தில் பெர்க்லியில் பிறந்த ஸ்பைஸ் என்ற மென்பொருள், காலத்தைச் சிறு சிறு படிகளாக நகர்த்தி ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் சமன்பாட்டையும் தீர்க்கும். ஆனால் முழு சிப்பை அதில் ஓட்டி முடிக்க முடியாது. அதனால்தான் எளிய கணித மாதிரிகள் வந்தன. துல்லியம் கூடிய ஒவ்வொரு கட்டத்திலும், அதுவரை வசதிக்காக வைத்திருந்த ஏதோ ஓர் அனுமானத்தைக் கைவிட்டிருக்கிறார்கள் என்பதே இந்தத் துறையின் கதை.

கம்பியிலிருந்து தொடங்கலாம். கம்பிக்கு மின்தடை உண்டு, மின்தேக்கமும் உண்டு. 1948இல் எல்மோர் என்பவர், பெருக்கிச் சுற்றுகளுக்காக ஒரு சூத்திரம் எழுதினார். சிப் என்ற பொருளே இல்லாத காலம் அது. சிக்னல் செல்லும் வழியிலுள்ள ஒவ்வொரு மின்தடையையும் அதற்கு அப்பால் இருக்கும் மொத்த மின்தேக்கத்தால் பெருக்கிக் கூட்டினால் தாமதம் கிடைத்துவிடும். 100 ஓம், அதன் முனையில் 10 ஃபெம்டோ ஃபாரட் என்றால் 1 பிக்கோ விநாடி. ஆனால் சிக்னல் பாதி வோல்டேஜைத் தொடும் கணத்தைத்தான் தாமதம் என்று அளக்கிறோம். இந்தக் கம்பியில் அது 0.69 பிக்கோ விநாடியிலேயே நடந்துவிடுகிறது. கிளைகள் உள்ள கம்பியில் பிழை இன்னும் பெரிதாகலாம். தொலைவில் உள்ள மின்தேக்கத்தை நடுவிலுள்ள மின்தடை மறைத்துவிடுவதால், அருகிலுள்ள முனை எல்மோர் சொல்வதைவிட வெகு முன்பே மாறிவிடும்.

எல்மோரின் எண் உண்மைத் தாமதத்தைவிடக் குறையாது என்று 1997இல் நிறுவினார்கள். கூடுதலாகச் சொன்னால் பாதுகாப்புதானே என்று தோன்றும். பாதி உண்மைதான் அது. சிக்னல் தாமதமாக வந்தால் செட்டப் பிழை. கிளாக்கின் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். சீக்கிரமாக வந்து பழைய மதிப்பைக் கலைத்தால் ஹோல்ட் பிழை. எந்த வேகத்தில் ஓட்டினாலும் அந்தப் பாதை தேறாது. தாமதத்தைக் கூட்டிச் சொல்லும் மாதிரி ஹோல்ட் பிழையை மூடி மறைத்துவிடும். எனவே ஒரு மாதிரி எவ்வளவு தவறும் என்பதோடு எந்தப் பக்கம் தவறும் என்றும் கேட்டாக வேண்டும். இந்தப் பிழையைக் குறைக்க, முன்பே 1990இல் பில்லேஜ், ரோரர் என்ற இருவர் எல்மோரைப் போல ஒரே எண்ணோடு நிற்காமல், சுற்றின் நடத்தையைச் சொல்லும் மேலும் பல எண்களைக் கணக்கில் சேர்த்து, ஸ்பைஸுக்கு வெகு அருகில் வந்தார்கள்.

இனி கேட்டுகள். இவற்றுக்கு அட்டவணைதான் முதல் கருவி. உள்ளே வரும் சிக்னல் எவ்வளவு சரிவாக ஏறுகிறது, வெளியே எவ்வளவு சுமை இருக்கிறது என்ற இரண்டைக் கொடுத்தால் தாமதத்தை அட்டவணை தரும். கட்டங்களுக்கு நடுவே விழும் மதிப்பை நேர்கோடு போட்டு ஊகிப்பார்கள். வளைவு அதிகமுள்ள இடத்தில் கட்டங்களை நெருக்கமாக வைப்பது எளிய, பலன் தரும் திருத்தம். ஆனால் அட்டவணைக்குள் வேறோர் அனுமானமும் இருக்கிறது: சிக்னல் நேர்கோடாக ஏறும், சுமை என்பது ஒற்றை மின்தேக்கி. நிஜத்தில் சிக்னலுக்கு நீண்ட வால் உண்டு. சுமையோ கம்பி நெடுகப் பரவிக் கிடக்கிறது. அதனால் இப்போது தாமதத்துக்குப் பதில் கேட் வெளியே தள்ளும் மின்னோட்டத்தையே நேரவாரியாகச் சேமித்து, அலைவடிவத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறார்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது அடுத்த அனுமானம்: ஒரே மாதிரி வரைந்த இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒரே மாதிரி இருக்கும் என்பது. அப்படி இருப்பதில்லை. தலா 20 பிக்கோ விநாடி எடுக்கும் 20 கேட்டுகள் ஒரு பாதையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் திட்ட விலக்கமும் 1 பிக்கோ விநாடி. எல்லாமே ஒரே நேரத்தில் மும்மடங்கு விலக்கத்துக்குப் போகும் என்று பயந்தால் 60 பிக்கோ விநாடி ஒதுக்க வேண்டும். ஆனால் விலக்கங்கள் ஒன்றையொன்று சாராதவை. ஒன்று பிந்தும்போது இன்னொன்று முந்தலாம். ஒரு கேட்டின் மும்மடங்கு விலக்கத்தை இருபதின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் தேவைப்படுவது 13 பிக்கோ விநாடிக்குச் சற்று மேல்தான். மிச்சம் 46க்கு மேல். அந்தப் பயத்தை விடாமல் வைத்திருந்தால் தேவையில்லாமல் பெரிய கேட்டுகளைப் போட்டு, இடத்தையும் மின்சாரத்தையும் வீணாக்குவோம். முன்பு எல்லாப் பாதைக்கும் ஒரே சதவீதத்தைக் கூட்டி வந்தார்கள். பிறகு பாதையின் நீளத்துக்கேற்ப அதை மாற்றினார்கள். இன்று ஒவ்வொரு கேட்டின் விலக்கமும், அட்டவணைகளின் தொகுப்பான லைப்ரரியிலேயே எழுதப்படுகிறது.

மின்சாரத்தைச் சேமிக்க வோல்டேஜைக் குறைக்கும்போது இதுவும் போதவில்லை. அங்கே தாமதத்தின் பரவல் இருபுறமும் சமமாக இருப்பதில்லை. பிந்தும் பக்கம் வால் நீள்கிறது. ஆகவே கோணலையும் அளந்து எழுத வேண்டியிருக்கிறது. குறைந்த வோல்டேஜில் வெப்பம் கூடினால் கேட் மெதுவாகும் என்ற பழைய பாடமும் தலைகீழாகலாம்: குளிரில்தான் மெதுவாகும். சூட்டில் மட்டும் சோதித்தவர் அதைத் தவறவிடுவார்.

இந்த மாதிரிகளைச் சரிபார்க்க, நெருக்கடியான பாதைகளைப் பொறுக்கி ஸ்பைஸில் ஓட்டி ஒப்பிடுகிறார்கள். சிப் கைக்கு வந்தபின், அதற்குள் பதித்த வளைய அலையியற்றிகளின் வேகத்தை அளந்து கணக்கோடு பொருத்துகிறார்கள். வித்தியாசம் தெரிந்தால் லைப்ரரியை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. கம்பியின் அளவை எடுத்த விதத்தில் பிழை இருக்கலாம். ஸ்பைஸ் நம்பியிருக்கும் டிரான்சிஸ்டர் சமன்பாடும் ஒரு மாதிரிதான். பிழை அதிலும் இருக்கலாம்.