உங்களுக்குத் தெரியுமா? இளவரசி கேட்டும் கிடைக்காத நடனம்

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்வந்தர்கள் வெந்நீர் ஊற்றுகளைத் தேடி பாத் நகரத்துக்குப் போனார்கள். பகலில் குளியல், மாலையில் இசையும் நடனமும். சந்தா கட்டியவர்களுக்கே அரங்கில் இடம்.

இந்தக் கூட்டங்களுக்கு ஒழுங்கு கொண்டுவந்தவர் ரிச்சர்ட் நாஷ். அரச பரம்பரையில் பிறந்தவர் அல்லர். ஆனாலும் அவர் வைத்ததே சட்டம். இடுப்பில் வாள் செருகி வரக் கூடாது என்றார். முதலில் மினுவெட் என்ற நடனம். அதை ஒரு நேரத்தில் ஒரே ஜோடிதான் ஆடும். மற்றவர்கள் சுற்றி அமர்ந்து ஒவ்வோர் அடியையும் கவனிப்பார்கள். எத்தனை இளம்பெண்களுக்குக் கால் நடுங்கியிருக்கும்! பிறகுதான் எல்லோரும் வரிசையாக நின்று ஆடும் நாட்டுப்புற நடனம். இரவு 11 மணிக்கு இசை நின்றுவிடும். மன்னரின் மகள் அமேலியா இன்னும் ஒரே ஒரு நடனம் என்று கேட்டபோதும் நாஷ் மறுத்துவிட்டார். அந்தஸ்தே எல்லாமாக இருந்த காலத்தில் இது பெரிய துணிச்சல்.

நாஷ் 1761இல் இறந்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1771இல், ஜான் வுட் (இளையவர்) வடிவமைத்த புதிய அரங்கம் திறக்கப்பட்டது. 1942இல் குண்டுவீச்சில் அது எரிந்தாலும், முன்பே கழற்றிப் பத்திரப்படுத்தியிருந்த கண்ணாடிச் சரவிளக்குகள் தப்பின.

இன்னொன்று: 1781இல் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல், அப்போது இதே பாத் நகரத்தில் ஆர்கன் வாசித்தும் கச்சேரிகள் நடத்தியும் வாழ்ந்த இசைக்கலைஞர்.