மூளை ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'நார்மல் வேரியன்ட்'... பயப்பட வேண்டுமா?

தலைவலிக்காக எம்.ஆர்.ஐ. எடுக்கிறீர்கள். டாக்டரைப் பார்க்க இன்னும் 2 நாள் இருக்கு. அதற்குள் ரிப்போர்ட் போனுக்கு வந்துவிடுகிறது. அதில் 'மெகா சிஸ்டர்னா மேக்னா' என்று ஒரு வரி. அப்புறம் ராத்திரி முழுக்க கூகுள்தான்!

ஸ்கேனில் தற்செயலாகத் தென்படும் இதுபோன்ற பல விஷயங்கள் நோயே அல்ல, பிறவி அமைப்பு.

ஏன் இந்த வித்தியாசம்?

இரண்டு பாதங்களும் அச்சு அசலாக ஒரே அளவில் இருப்பதில்லை. தலைக்குள்ளும் அப்படித்தான். மூளையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் 'டிரான்ஸ்வர்ஸ் சைனஸ்' இரு பக்கமும் உண்டு. பெரும்பாலானோருக்கு வலதுபக்கம்தான் பெரிது. இடதுபக்கம் சிறிதாக இருந்தால், ரிப்போர்ட்டில் 'ஹைப்போபிளாஸ்டிக்' என்று வரும்.

அடிக்கடி வரும் பெயர்கள்

* கேவம் செப்டம் பெலூசிடம்: மூளையின் நடுவே, இரண்டு மெல்லிய சவ்வுகளுக்கு இடையிலான இடைவெளி. கருவில் எல்லோருக்கும் இருக்கும். பிறந்த சில மாதங்களில் பெரும்பாலும் மூடிவிடும். சிலருக்கு அப்படியே தங்கிவிடும்.

* மெகா சிஸ்டர்னா மேக்னா: சிறுமூளைக்குப் பின்னால் திரவம் இருக்கும் இடம், வழக்கத்தைவிடப் பெரிதாக இருப்பது. சிறுமூளை இயல்பாக இருந்தால் பொதுவாகச் சிகிச்சை தேவையில்லை.

* அரக்னாய்டு சிஸ்ட்: மூளை உறையில் உள்ள நீர்ப்பை. புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் தொந்தரவு தராது; மூளையை அழுத்தினால்தான் சிக்கல்.

'கிளினிக்கல் கோரிலேஷன்' என்றால்?

ரேடியாலஜிஸ்ட் படத்தைத்தான் பார்க்கிறார், உங்களை அல்ல. 'அறிகுறிகளோடு பொருத்திப் பாருங்கள்' என்று உங்கள் டாக்டருக்கு அவர் எழுதும் குறிப்பு அது. அபாய எச்சரிக்கை இல்லை.

அப்போ எல்லாத்தையும் விட்டுவிடலாமா?

கூடாது. நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் 2,000 பேரின் மூளையை ஸ்கேன் செய்த ஆய்வு 2007-ல் வெளியானது. அதில் 1.8% பேருக்கு ரத்தக்குழாய் வீக்கமும், 1.6% பேருக்குப் புற்றுநோய் அல்லாத கட்டியும் தற்செயலாகத் தெரிந்தன. இவற்றை 'வேரியன்ட்' என்று ஒதுக்க முடியாது. மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

டாக்டரிடம் கேட்க 3 கேள்விகள்

1. இது பிறவி அமைப்பா, புதிதாக வந்ததா?
2. என் தலைவலிக்கு இதுதான் காரணமா?
3. மறுபடி ஸ்கேன் தேவையா?

இரண்டாவது கேள்வி ரொம்ப முக்கியம். பழியை வேரியன்ட் மேல் போட்டுவிட்டால், மைக்ரேன் போன்ற உண்மையான காரணம் கவனிக்கப்படாமலே போய்விடும்.

திடீரெனத் தாங்க முடியாத தலைவலி, வலிப்பு, பார்வை மங்குதல், கை கால் பலவீனம் என்றால், ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பழைய ஸ்கேனைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த ஸ்கேனில் அதே அளவில் இருந்தால், டாக்டருக்கு அது நல்ல ஆதாரம்.