காது உண்டு, குரல் இல்லை

கோடைக்காக மலையேற்றப் பாதைகளை மூடும் நாள் நெருங்குவதால், காட்டுத்தீ பற்றிய வாசகர் கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. பெரும்பாலானவற்றில் ஒரே குழப்பம்: தீ எழுந்த இடத்தைச் செயற்கைக்கோளே கைப்பேசிக்கு அனுப்பிவிடும்போது, வனத்துறைக்கு இன்னும் எதற்கு வாக்கி டாக்கி? 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 உயிர்கள் போனதிலிருந்து பேச்செல்லாம் எச்சரிக்கையைச் சுற்றியே நடப்பதால் வந்த குழப்பம் இது. இந்திய வன அளவை நிறுவனத்தின் எச்சரிக்கைகள் நம்பியிருக்கும் செயற்கைக்கோள் கருவிகளில் ஒன்றுக்குப் படத்தின் ஒரு புள்ளி என்பது ஒரு கிலோமீட்டர், இன்னொன்றுக்கு 375 மீட்டர். இரண்டும் நம் தலைக்கு மேல் கடப்பது நாளுக்குச் சில தடவைதான். எரிகிறது என்று அலுவலகத்துக்குச் சொல்ல அது போதும். சரிவில் நிற்கும் காவலரிடம் 'காற்று திரும்பிவிட்டது, ஓடைப் பக்கம் இறங்காதே' என்று சொல்ல ஒரு குரல் வேண்டும்.

அந்தக் குரலுக்கு 'முழுக் கவரேஜ்' இருப்பதாக அதிகாரிகள் சொன்னால், எந்த வாக்கி டாக்கி செட்டை வைத்து அளந்தீர்கள் என்று கேட்க வேண்டும். ஜீப் கூரையில் ஆன்டெனா வைத்த 25 வாட் செட் எட்டும் தூரம், பள்ளத்தில் இடுப்பில் தொங்கும் 5 வாட் செட்டுக்கு எட்டாது. இந்தச் செட்டுகள் பேசும் வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. மலை குறுக்கிட்டால் பின்னால் நிழல்தான். உச்சியில் ரிப்பீட்டர் வைப்பது அதனால்தான். ஓர் அலைவரிசையில் வாங்கியதை அந்தக் கணமே வேறோர் அலைவரிசையில் வலுவாக அனுப்பும் பெட்டி அது.

அந்தப் பெட்டிக்கு ஒரு பூட்டு உண்டு. கெட்டிக்காரத்தனமான பூட்டு, கவலையும் அதில்தான். உச்சியில் இருப்பதால் தூரத்து மலைகளின் பேச்சும் இரைச்சலும் ரிப்பீட்டரின் காதில் விழும். அத்தனைக்கும் வாய் திறந்தால் சேனலே அடைபட்டுப்போகும். ஆகவே பேசுகிறவரின் குரலுக்கு அடியில் 67 முதல் 254 ஹெர்ட்ஸுக்குள் ஒரு மெல்லிய தொனியைச் செட்டே சேர்த்து அனுப்புகிறது. தனக்குரிய தொனி வந்தால்தான் ரிப்பீட்டர் திறக்கும். கேட்கும் செட் அதை ஒலிபெருக்கிக்குப் போகும் முன்பே வடிகட்டிவிடுவதால் யார் காதிலும் அது விழாது. தொனியைப் பதிவுசெய்ய மறந்த செட்டை இப்போது நினைத்துப் பாருங்கள். ரிப்பீட்டர் சொல்வதெல்லாம் அதில் தெளிவாகக் கேட்கும். வைத்திருப்பவர் தானும் வலையில் இருப்பதாக நம்புவார். அவர் பேசினால் மலைக்கு அப்பால் எவருக்கும் கேட்காது. பதில் வராதபோதும், எல்லோரும் வேலையில் இருக்கிறார்கள் என்றுதான் எண்ணுவார். செத்துப்போன செட் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும், இது காட்டிக்கொடுக்காது.

வெறும் கற்பனை அல்ல இது. அரிசோனாவின் யார்னெல் ஹில் தீயில் 2013 ஜூன் 30 அன்று 19 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். சில செட்டுகளில் உரிய தொனி பதிவாகியிருக்கவில்லை என்று மாநில வனத்துறை அமர்த்திய விசாரணைக் குழுவே எழுதியது. மாலை 4.04 முதல் 4.37 வரை இறந்தவர்களின் அணியிடமிருந்து வந்த தகவல் எதையும் குழுவால் உறுதிசெய்ய முடியவில்லை. சாவுக்குத் தொனிதான் காரணம் என்று யாரும் நிறுவவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அலட்சியம் எதுவும் இல்லை என்று அதே அறிக்கை முடித்ததும், சில மாதங்களில் தொழிலாளர் பாதுகாப்புத் தரப்பு அதே வனத்துறைக்கு 5,59,000 டாலர் அபராதம் விதித்ததும் சேர்த்துப் படிக்க வேண்டியவை.

அங்கே பல அமைப்புகள், இங்கே ஒரே துறைதானே என்பார்கள். இங்கேயும் தீ பெரிதானால் தீயணைப்புத் துறை, காவல்துறை, எல்லைக்கு அப்பால் கேரள வனத்துறை என்று ஆளுக்கொரு செட்டோடு வருவார்கள். குரங்கணிக்கு விமானப்படை ஹெலிகாப்டரும் வந்தது. டிஜிட்டலுக்கு மாறினால் தீருமா? தொனியின் இடத்தில் 'கலர் கோடு' போன்றதோர் எண் வரும், பூட்டு அப்படியே இருக்கும். ஆகவே தீயணைக்க மலையேறும் முன் ஒவ்வொருவரும் பேசி, மறுமுனை தன் பெயரைத் திருப்பிச் சொல்லக் கேட்டாக வேண்டும். 'எனக்குக் கேட்கிறது' என்பது சோதனையே அல்ல.

மற்ற கேள்விகள். கைப்பேசி போதாதா? டவர்கள் ஊரையும் சாலையையும் பார்த்து நிற்கின்றன. தவிர, ஒருவர் சொல்வது இருபது பேருக்கு ஒரே நேரத்தில் கேட்க வேண்டும்.

ரிப்பீட்டரே எரிந்தால்? ரிப்பீட்டர் இல்லாமல் செட்டுக்குச் செட் பேசும் நேரடிச் சேனல் உண்டு, ஆனால் மலையின் ஒரே பக்கம் இருப்பவர்களுக்குள் மட்டும்.

மலையேறுபவர்கள் வி.எச்.எஃப். செட் வாங்கி வைத்துக்கொள்ளலாமா? உரிமம் இல்லாமல் கூடாது.