கடைவீட்டை வாங்குபவரும் அதில் வாழ்பவரும்

பினாங்கு மாநிலத்தின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கீழ்த்தளத்தில் கடை, மேல்தளத்தில் வீடு, முன்புறம் ஐந்தடி நடைபாதை; இதுவே அவற்றின் பொது அமைப்பு. முகப்பு குறுகலாக இருக்கும். உள்ளே போகப் போக வீடு நீண்டுகொண்டே செல்லும். நடுவில் உள்ள திறந்த முற்றம் வெளிச்சத்தையும் காற்றையும் கொடுக்கும். முற்காலத்தில் தலைமை வாடகைதாரர் ஒருவர் முழு வீட்டையும் எடுத்துக்கொண்டு, பலகைத் தடுப்புகளால் அறைகளாகப் பிரித்து, உள்வாடகைக்கு விடுவது வழக்கம். ஓர் அறையில் ஒரு குடும்பம் வாழும். சமையலறையும் குளியலறையும் எல்லாருக்கும் பொது.

இத்தகைய வீடு இன்று விலைக்கு வரும்போது, உள்ளே மூன்று நான்கு குடும்பங்கள் குடியிருப்பதும் உண்டு. அக்குடும்பங்கள் இனி எங்கே வாழும்? வீட்டை வாங்குபவர் சந்திக்கும் முதல் கேள்வி இதுதான்.

இக்கேள்வி எழுந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாளுக்குள் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்தியது. உரிமையாளர் விரும்பியபடி வாடகையை உயர்த்த முடியாது. குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவும் முடியாது. அதனால் ஏழைக் குடும்பங்களும் சிறு வணிகர்களும் கைவினைஞர்களும் நகரின் நடுவிலேயே வாழ முடிந்தது. ஆனால், கிடைத்த சொற்ப வாடகையைக் கொண்டு கூரையைக்கூட மாற்ற இயலாது என்று உரிமையாளர்கள் பழுதுபார்ப்பதைக் கைவிட்டனர். பல வீடுகள் ஒழுகின, சில இடிந்தன. பழைய வீடுகளை இடிக்காமல் காத்ததும், அவற்றைச் சிதைய விட்டதும் இதே சட்டம்தான்.

1997ஆம் ஆண்டில் இச்சட்டத்தை நீக்கும் சட்டம் நிறைவேறியது. இடைக்காலச் சலுகை முடிந்து, 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து உரிமையாளர்கள் சந்தை வாடகையைக் கேட்கலாம் என்றானது. வாடகை திடீரென உயர்ந்தது. ஏராளமான குடும்பங்கள் நகரின் மையத்தை விட்டு வெளியேறின. காலியான வீடுகள் சிலவற்றில் சன்னல்களை அடைத்து, உழவாரன் குருவிகளைக் கூடுகட்ட வைத்தனர். மனிதர் வாழ்ந்த அறைகளில் பதிவு செய்யப்பட்ட பறவை ஒலி கேட்டது! பின்னர் அரசு தலையிட்டு, 2013ஆம் ஆண்டு இறுதிக்குள் இத்தொழிலை மரபுடைமைப் பகுதியிலிருந்து அகற்றக் கெடு விதித்தது.

இதற்கிடையே 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், மலாக்காவுடன் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. சுற்றுப்பயணிகள் பெருகினர். உள்ளூராருடன் வெளிநாட்டினரும் கடைவீடுகளைத் தேடி வாங்கத் தொடங்கினர். விலை ஏறியது.

ஒருவர் ஒரு மில்லியன் ரிங்கிட்டுக்கு ஒரு கடைவீட்டை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பத்து விழுக்காட்டை முன்பணமாகக் கட்டி, மீதி 900,000 ரிங்கிட்டை 4.5 விழுக்காட்டு வட்டியில் 30 ஆண்டுகளுக்குக் கடனாகப் பெறுகிறார். அவர் மாதந்தோறும் ஏறத்தாழ 4,560 ரிங்கிட் கட்ட வேண்டும். உள்ளே இருக்கும் மூன்று குடும்பங்கள் தலா 500 ரிங்கிட் கொடுத்தால், கிடைப்பது 1,500 ரிங்கிட் மட்டுமே. மீதியை எப்படி ஈடுகட்டுவது? பல கடைவீடுகள் தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறியதற்கு இந்தக் கணக்கே முக்கியக் காரணம். வாங்குபவர் கொடியவராக இருக்க வேண்டியதில்லை. கடன் தவணையே அவரை அத்திசையில் தள்ளிவிடும்.

இதில் பழுதுபார்ப்புச் செலவு சேரவில்லை. பழைய சுவர்கள் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே ஆவியாகிவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். மலிவு என்று எண்ணிச் செய்வது பின்னர் இரட்டைச் செலவாகும். மரத்தரையையும் உத்தரங்களையும் கறையான் அரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்துச் சுவர் பெரும்பாலும் அண்டை வீட்டுக்கும் பொதுவானது என்பதால், அவரைக் கேட்காமல் அதில் கைவைக்கலாகாது. முகப்பை மாற்றுவதற்கு மாநகர் மன்றத்தின் அனுமதியும் தேவை.

குடியிருப்பவரின் நிலை என்ன? புதிய உரிமையாளர் பூட்டை மாற்றியோ பொருள்களை வெளியே வைத்தோ அவர்களை விரட்ட முடியாது. வாடகைக் காலம் முடிந்த பின்னும் வெளியேற மறுப்பவரை நீதிமன்றத்தின் வழியாகவே வெளியேற்ற வேண்டும் என்று மலேசியச் சட்டம் கூறுகிறது. ஆயினும், இது அவகாசம் தருமே தவிர, அங்கேயே தொடர்ந்து வாழும் உரிமையைத் தராது. மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தத்தை நில உரிமைப் பத்திரத்தில் குறித்து வைக்க வழியுண்டு. அவ்வாறு குறிக்காவிட்டால், வீடு கைமாறும்போது அந்த ஒப்பந்தம் புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தாமல் போகலாம். வாய்ப்பேச்சிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்த முதியவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

குடியிருப்பவர்களை வைத்துக்கொண்டே வீட்டைச் சீரமைக்கவும் முடியும். மேல்தளத்தில் வேலை நடக்கும்போது குடும்பங்கள் கீழ்த்தளத்தில் நெருக்கியடித்துத் தங்கலாம். பிறகு இடம் மாறிக்கொள்ளலாம். முன்பகுதியைக் கடைக்கு நல்ல வாடகைக்கு விட்டு, பின்பகுதியையும் மாடியையும் பழைய குடும்பங்களுக்கு ஒதுக்கலாம். வேலை நீளும், குத்தகையாளர் கூடுதல் கூலி கேட்பார், வருமானமும் விடுதி நடத்துவதைவிடக் குறையும். ஆகவே, இவ்வழியை விரும்புபவர் விலை பேசும்போதே இக்கணக்கைப் போட்டுப் பார்த்து, குடியிருப்பவர்களோடும் முன்கூட்டியே பேசி, உடன்பாட்டை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.